பிறர் உயிரைக் காக்கச் சுடலாமா? தற்காப்புரிமையும் சேரியும்

தியாகி இம்மானுவேல் சேகரன் நினைவுச் சொற்பொழிவாகத் தங்கச்சிமடத்தில் நாங்கள் பேசியதை, அச்சுக்காகக் கொஞ்சம் விரித்து இங்கே தருகிறோம். கூட்டம் முடிந்ததும் மாணவர்கள் கேட்ட கேள்விகளுக்கான பதில்களையும் உள்ளேயே சேர்த்திருக்கிறோம்.

நினைவு நாளில் துப்பாக்கியைப் பற்றி எதற்குப் பேச்சு என்று சிலர் கேட்டார்கள். இம்மானுவேல் சேகரன் ராணுவத்தில் பணியாற்றியவர். ஆயுதம் என்றால் என்ன என்று அறிந்தவர். 1957 செப்டம்பர் 10 அன்று முதுகுளத்தூரில் நடந்த அமைதிக் கூட்டத்தில் சமமாக உட்கார்ந்து பேசினார், மறுநாள் இரவு பரமக்குடியில் வெட்டிக் கொல்லப்பட்டார். 54 ஆண்டுகள் கழித்து அதே செப்டம்பர் 11இல், அதே பரமக்குடியில், அவருக்கு அஞ்சலி செலுத்த வந்தவர்களில் 6 பேர் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்கள். அப்போது அரசுத் தரப்பு சொன்ன காரணம், பொதுமக்கள் உயிரையும் உடைமையையும் காக்கச் சுட்டோம் என்பது. பிறரைக் காக்கச் சுடுவது என்ற அந்த வாசகத்தைத்தான் இங்கே எடுத்துப் பார்க்கிறோம்.

அதற்கு முன்னால் எங்கள் வீட்டுக் கதை ஒன்று. எங்கள் தாய்மாமன் ராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்றவர். முகவை, சிவகங்கை மாவட்டங்களில் ஓய்வுபெற்ற ராணுவத்தார் பலர் செய்வதைத்தான் அவரும் செய்தார். இரட்டைக்குழல் துப்பாக்கிக்கு லைசென்ஸ் வாங்கிக்கொண்டு வங்கி வாசலில் காவலுக்கு நின்றார். தென்மாவட்டங்கள் எரிந்துகொண்டிருந்த 1990களின் பிற்பகுதியில் ஓர் இரவு, அவர் ஊர்க் காலனிக்குள் கல் விழத் தொடங்கியது. தெருக்கோடியில் ஒரு வைக்கோல் படப்பு பற்றிக்கொண்டது. பெண்களும் பிள்ளைகளும் மாமா வீட்டில் வந்து அடைந்தார்கள். துப்பாக்கி உள்ள ஒரே வீடு அது. இளைஞர்கள் சிலர், “எடுங்க மாமா, வானத்தைப் பார்த்தாவது ஒரு வெடி வைங்க” என்று நச்சரித்தார்கள். மாமா துப்பாக்கியை மடியில் கிடத்திக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருந்தார். “சுட்டா அதுக்கப்புறம் என்ன ஆகும்னு உங்கள்ல யாருக்காச்சும் தெரியுமாடா?” என்று ஒரே ஒருமுறை கேட்டாராம். யாருக்கும் தெரியவில்லை. அன்றைக்கு நல்லவேளை உயிர் போகவில்லை. காலையில் போலீஸ் வந்ததும் முதலில் கேட்டது கல்லெறிந்தவர்கள் யார் என்று அல்ல. துப்பாக்கி எங்கே என்றுதான். அது அன்றே நிலையத்துக்குப் போனது. திரும்பி வரப் பல மாதங்கள் ஆயின, அதற்குள் மாமாவின் வேலையும் போயிருந்தது.

மாமாவின் கேள்வி நியாயமான கேள்வி. எங்களில் படித்தவர்கள் என்று இருந்தவர்களுக்கும் அன்று பதில் தெரியாது.

முதலில் ஒரு தவறான எண்ணத்தைக் களைய வேண்டும். துப்பாக்கி லைசென்ஸ் என்பது சுடுவதற்கான உரிமை அல்ல. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி அது ஆயுதத்தை வைத்திருக்கவும் குறித்த எல்லைக்குள் எடுத்துச் செல்லவும் தரப்படும் அனுமதி. அவ்வளவுதான். சுடலாமா கூடாதா என்பதைத் தண்டனைச் சட்டம் தீர்மானிக்கிறது. அந்தச் சட்டத்தின் கண்ணில் லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்பவரும், அரிவாள் வைத்திருப்பவரும், துடுப்பைக் கையில் எடுத்தவரும் ஒன்றே. லைசென்ஸ் இல்லாத துப்பாக்கியால் ஒருவர் உயிரைக் காத்தால், கொலைக் குற்றச்சாட்டில் தற்காப்பு வாதம் எடுபடலாம். ஆயுதச் சட்ட வழக்கு தனியாக நிற்கும்.

தற்காப்பு என்றதும் நாம் தன்னைக் காப்பதையே நினைக்கிறோம். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 97ஆவது பிரிவு, 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் 35ஆவது பிரிவு, தன் உடலையும் ‘வேறு எவருடைய உடலையும்’ காக்கும் உரிமையை ஒவ்வொருவருக்கும் தருகிறது. அந்த வேறு எவரும் உறவினராக இருக்கத் தேவையில்லை. முன்பின் தெரியாதவராகவும் இருக்கலாம், நமக்குப் பிடிக்காதவராகவும் இருக்கலாம். திருட்டு, கொள்ளை, சொத்தழிப்பு, அத்துமீறி நுழைதல் ஆகியவற்றிலிருந்து பிறர் சொத்தைக் காக்கவும் இதே பிரிவு உரிமை தருகிறது.

ஆனால் உயிரை எடுக்கும் அளவுக்குப் போக எப்போது இடம்? அதற்கு அடுத்த படி 100ஆவது பிரிவு, புதிய சட்டத்தில் 38. தடுக்காவிட்டால் சாவு நேரும் என்றோ கொடுங்காயம் ஏற்படும் என்றோ நியாயமாக அஞ்சும்படியான தாக்குதல், வல்லுறவு நோக்கத்தோடு தாக்குதல், கடத்திச் செல்லும் நோக்கத்தோடு தாக்குதல், 2013இல் சேர்க்கப்பட்ட அமில வீச்சு என்று அது வரிசையாகச் சொல்கிறது. இந்த வரிசையில் நம் மக்கள் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒருவரை அடைத்து வைக்கும் நோக்கத்தோடு தாக்கி, அவர் அதிகாரிகளிடம் முறையிடவே முடியாது என்று அஞ்சும் நிலை உருவானால், அங்கும் இந்த உரிமை உண்டு. பம்புசெட் அறையில் கட்டிவைத்து அடிப்பது என்ன என்று நமக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றது கடத்தல். சாதி மறுத்து மணம் செய்த பெண்ணை அவள் வீட்டார் காரில் இழுத்துப் போடும் காட்சியைத் தமிழ்நாட்டில் எத்தனை முறை பார்த்துவிட்டோம்! ‘விஸ்வநாத் எதிர் உத்தரப்பிரதேச அரசு’ வழக்கில் 1959இல் உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவை விளக்கியது. அங்கே நடந்தது இதற்கு நேர்மாறு. பெற்றோர் வீட்டில் இருந்த பெண்ணை, அவள் விருப்பத்துக்கு மாறாக, கணவன் இழுத்துச் செல்ல முயன்றான். அவள் தம்பி கத்தியால் குத்தினான், கணவன் இறந்தான். பலாத்காரமாக இழுத்துச் செல்வதே போதும், அக்காவைக் காக்க அவனுக்கு உரிமை இருந்தது என்று நீதிமன்றம் அவனை விடுவித்தது. இழுப்பவர் கணவரா, தகப்பனா, அண்ணனா என்பது இதில் கணக்கே இல்லை.

சொத்து விஷயத்தில் வரம்பு இன்னும் குறுகலானது. வெறும் திருட்டுக்காக உயிரெடுக்க முடியாது. கொள்ளை, இரவில் வீட்டை உடைத்து நுழைதல், மனிதர் குடியிருக்கும் அல்லது பொருள் வைத்திருக்கும் கட்டடத்துக்கோ கூடாரத்துக்கோ கலத்துக்கோ தீ வைத்தல் ஆகியவற்றுக்கு 103ஆவது பிரிவு, இப்போது 41, அந்த எல்லை வரை இடம் தருகிறது. கலம் என்பதில் படகும் அடங்கும் என்பதைத் தீவு மக்கள் குறித்துக்கொள்ளலாம். தீ வைப்பு என்ற சொல்லில் நாங்கள் கொஞ்சம் நிற்கிறோம். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரிந்து செத்தபோது இந்தப் பிரிவு சட்டப் புத்தகத்தில் இருந்தது. 1860 முதலே இருந்தது. அன்றிரவு துப்பாக்கியோடு வந்தவர்கள் மிராசுதார் தரப்பினர். குண்டுக்குப் பயந்து ஓடியவர்கள்தான் அந்தக் குடிசைக்குள் ஒளிந்தார்கள். பிறர் வீட்டைத் தீயிலிருந்து காக்கச் சுடும் உரிமை சேரி மக்களிடம் இருந்தது, சுடும் கருவி எதிர்த்தரப்பிடம் இருந்தது. 2012 நவம்பர் 7இல் தருமபுரி நத்தம் காலனியிலும் அதன் பக்கத்துக் காலனிகளிலும் 250க்கும் மேற்பட்ட வீடுகள் எரிந்தபோதும் அந்தப் பிரிவு அப்படியேதான் இருந்தது.

இந்த உரிமைக்குக் கடிவாளம் 99ஆவது பிரிவு, புதிய 37. போலீஸையோ அதிகாரிகளையோ அணுக நேரம் இருந்தால் இந்த உரிமை இல்லை. காப்பதற்குத் தேவையானதை விட அதிகத் தீங்கு செய்யக் கூடாது. ஆபத்து தொடங்கும்போது உரிமை தொடங்குகிறது, ஆபத்து தீர்ந்ததும் தீர்கிறது. தாக்கியவன் ஓடத் தொடங்கிவிட்டால் முதுகில் சுடுவது பழிவாங்கல். எல்லை மீறி விட்டாலும் நல்லெண்ணத்தோடு, முன்திட்டம் இல்லாமல் மீறியிருந்தால் அது கொலைக் குற்றமாகாமல், கொலையாகாத மரணம் விளைவித்தல் என்று குறையும். ஆனால் தப்பி ஓடும் கடமை இங்கே யாருக்கும் இல்லை. அடி விழும்போது தராசில் நிறுத்துத் திருப்பி அடிக்கச் சொல்ல முடியாது என்பதை உச்ச நீதிமன்றம் பல தீர்ப்புகளில் ஒப்புக்கொண்டிருக்கிறது.

இதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய் என்று ஒரு மாணவி சொன்னார். லைசென்ஸ் துப்பாக்கிக்காரர் பிறருக்காகச் சுட்ட சம்பவம் நம் பக்கத்தில் உண்டா என்று கேட்டார். உண்டு. 2019 மார்ச்சில் மானாமதுரையில், வெட்ட வந்த கும்பலுக்குத் தப்பி ஒருவர் வங்கிக் கிளைக்குள் ஓடினார். கும்பல் உள்ளே புகுந்து வெட்டியது. வங்கிக் காவலாளி துப்பாக்கியால் சுட்டார். வெட்டியவர்களில் ஒருவர் காலில் காயத்தோடு விழுந்தார். வெட்டுப்பட்டவர் உயிர் பிழைத்தார்.

இந்தச் சம்பவத்தைச் சட்டப் பிரிவுகளோடு பொருத்திப் பாருங்கள். காவலாளியின் வேலை வங்கிப் பணத்தைக் காப்பது. அன்று பணத்துக்கு ஆபத்தில்லை. ஓடி வந்த மனிதர் வங்கிச் சொத்தும் இல்லை. ஆனால் 97ஆவது பிரிவு வேலை ஒப்பந்தத்தைப் பார்ப்பதில்லை. அரிவாள் இறங்கிக்கொண்டிருக்கிறது, அது சாவின் அச்சம்தான். காவல் நிலையத்துக்கு ஆள் அனுப்ப நேரமில்லை. அவர் மார்பில் சுட்டு ஆள் இறந்திருந்தாலும் 100ஆவது பிரிவின் முதல் வாசகம் அவருக்குத் துணை நின்றிருக்கும் என்பது எங்கள் கருத்து. காலில் சுட்டது 99ஆவது பிரிவின் அளவுக்குள் கச்சிதமாக நிற்கிறது. காக்கப்படுபவர் யோக்கியரா, வழக்கு உள்ளவரா, எந்தச் சாதி என்பதைச் சட்டம் கேட்பதில்லை, காவலாளியும் கேட்டிருக்க நேரமில்லை.

அது மக்களவைத் தேர்தல் காலம். தேர்தல் என்றால் லைசென்ஸ் துப்பாக்கிகளை நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள், வங்கிக் காவலர்களுக்கு விலக்கு உண்டு. இதில் எங்களுக்கு ஒரு மனத்தாங்கல். அந்த மனிதர் வங்கிக்குள் ஓடாமல் ஒரு காலனித் தெருவுக்குள் ஓடியிருந்தால், அங்கே ஒரு துப்பாக்கியும் இருந்திருக்காது.

துப்பாக்கி கையில் இருந்தும் நீதிமன்றம் வரை அலைந்தவர்கள் உண்டு. 1988 மார்ச் 15 பாரத் பந்த் அன்று கேரளத்தில், பந்த் ஆதரவாளர்கள் ஒரு மாவு மில்லை மூடச் சொல்லி உள்ளே புகுந்தார்கள். மில்லைச் சேர்ந்தவர் சுட்டதில் 2 பேர் இறந்தார்கள். ‘ஜேம்ஸ் மார்ட்டின் எதிர் கேரள அரசு’ என்ற அந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2003இல்தான் தற்காப்பை ஏற்று விடுவித்தது. பஞ்சாபின் ‘தர்ஷன் சிங்’ வழக்கு நம் தலைப்புக்கு இன்னும் நெருக்கம். தந்தையை ஒருவர் நீண்ட பிடி போட்ட வெட்டுக்கத்தியால் தாக்கினார், மகன் லைசென்ஸ் துப்பாக்கியால் சுட்டார், தாக்கியவர் இறந்தார். விசாரணை நீதிமன்றம் விடுவித்தது, உயர் நீதிமன்றம் தண்டித்தது, 2010இல் உச்ச நீதிமன்றம் மறுபடி விடுவித்தது. ஆபத்து உண்மையில் எவ்வளவு என்பதை விட, அந்த நொடியில் அங்கே நின்றவருக்கு நியாயமாக எழுந்த அச்சம் எது என்பதைத்தான் பார்க்க வேண்டும் என்று அந்தத் தீர்ப்பு சொல்கிறது. மாமாவின் கேள்விக்குச் சட்டப்படியான பதில் இதில் இருக்கிறது: விடுதலை கிடைக்கலாம், அதற்கு 15 வருடமும் ஆகலாம். வக்கீல் வைக்கவும் ஜாமீன் கட்டவும் வயலோ மில்லோ இருப்பவரால் அந்த 15 வருடத்தைத் தாங்க முடியும்.

இப்போது ‘நியாயமான அச்சம்’ என்ற அந்தச் சொல்லுக்கு வருவோம். சமூகவியல் படித்தவர்கள் என்ற முறையில் எங்களுக்கு இதுதான் சிக்கலான இடம். யாருடைய அச்சம் நியாயமானது? 2012இல் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில், துப்பாக்கி எடுத்துச் செல்ல அனுமதி பெற்ற ஒருவர், குடியிருப்பைக் காக்கிறேன் என்று ரோந்து போனவர், ட்ரேவான் மார்ட்டின் என்ற 17 வயதுக் கறுப்பினச் சிறுவனைச் சுட்டுக் கொன்றார். சிறுவன் கையில் ஆயுதம் இல்லை. 2013இல் நடுவர் குழு அவரை விடுவித்தது. 2020இல் ஜார்ஜியாவில் ஓட்டப் பயிற்சியில் இருந்த அஹ்மத் ஆர்பரி என்ற கறுப்பின இளைஞரை மூன்று வெள்ளையர்கள் வண்டியில் துரத்தினார்கள், அவர்களில் ஒருவர் சுட்டுக் கொன்றார். ஊரைக் காத்தோம், தற்காப்புக்காகச் சுட்டோம் என்றார்கள். அங்கே காணொளி வெளிவந்தது, 2021இல் மூவரும் தண்டிக்கப்பட்டார்கள். கறுப்புத் தோலைக் கண்டு வரும் பயம் நியாயமான பயமாக எழுதப்பட்டுவிடுகிறது. நம் ஊரில் நல்ல சட்டை போட்டு பைக்கில் ஊர்த் தெருவுக்குள் போகும் காலனிப் பையனைக் கண்டு எழும் பயத்தையும் இதே கணக்கில் வையுங்கள்.

அதே அமெரிக்காவில் மறுபக்கமும் உண்டு. 1964இல் லூசியானாவின் ஜோன்ஸ்பரோவில் கறுப்பின முன்னாள் ராணுவத்தார் சேர்ந்து ‘டீக்கன்ஸ் ஃபார் டிஃபென்ஸ் அண்ட் ஜஸ்டிஸ்’ என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். குடியுரிமைப் போராட்டக்காரர்கள் தங்கிய வீடுகளுக்கு இரவில் துப்பாக்கியோடு காவல் இருந்தார்கள். இதைப் படிக்கும்போதெல்லாம் எங்களுக்கு மாமா நினைவு வரும்.

அண்ணல் அம்பேத்கர் இந்தக் கேள்வியை இரண்டு விதமாகவும் அணுகியிருக்கிறார். சாதி அமைப்பு அடிநிலை மக்களின் கையிலிருந்து ஆயுதத்தைப் பறித்ததால்தான் அவர்களால் கிளர்ந்தெழ முடியாமல் போயிற்று என்பது ‘சாதி ஒழிப்பு’ நூலில் அவர் வைக்கும் வாதம். ஆனால் 1927 மார்ச்சில் மகாடில் சவுதார் குளத்து நீரைக் குடித்ததற்காக நம் மக்கள் தாக்கப்பட்டபோது, முன்னாள் படைவீரர்கள் உட்படப் பலர் திருப்பித் தாக்க அவர் சொல்லுக்குக் காத்திருந்தும், பொறுங்கள் என்றார், வழக்கு நடத்தினார். 1937இல் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் வெற்றி கிடைத்தது. இந்த இரண்டையும் முரண் என்று நாங்கள் பார்க்கவில்லை. எண்ணிக்கையும் அரசும் எதிர்ப்பக்கம் இருக்கும்போது முதல் அடியை விட மறுநாள் காலை முக்கியம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

காலனி ஆட்சியின் கூத்தையும் சொல்லிவிட வேண்டும். தற்காப்புப் பிரிவுகளை வரைந்த மெக்காலே குழு, இந்திய மக்கள் கொடுமையை மிகவும் பணிந்து தாங்குகிறார்கள், அவர்களுக்கு எதிர்க்கும் துணிவை ஊட்ட வேண்டும் என்ற எண்ணத்தில் உரிமையை விரிவாகவே எழுதியது. கும்பல் ஒருவரைக் கொல்ல வருகிறது, கும்பலுக்குள் குழந்தைகளும் கலந்திருக்கிறார்கள், சுட்டால்தான் தப்பலாம் என்றால் சுடலாம் என்று 106ஆவது பிரிவில் எடுத்துக்காட்டே தந்தார்கள். 1878இல் லிட்டன் பிரபு காலத்தில் ஆயுதச் சட்டம் கொண்டுவந்து, ஐரோப்பியருக்கு விலக்களித்து, மற்றவரெல்லாம் லைசென்ஸ் வாங்க வேண்டும் என்றார்கள். லைசென்ஸ் யாருக்குப் போயிருக்கும்? ஜமீனுக்கும் மிராசுக்கும் அவர்கள் கைக்கு அடக்கமானவர்களுக்கும்.

சுதந்திர நாட்டின் 1959ஆம் ஆண்டுச் சட்டத்தில் நாம் மனப்பாடம் செய்ய வேண்டிய ஒரு வரி இருக்கிறது. 14ஆவது பிரிவின் இரண்டாம் உட்பிரிவு: போதிய சொத்து இல்லை என்ற காரணத்துக்காக மட்டும் லைசென்ஸை மறுக்கக் கூடாது. “உன்கிட்ட என்ன இருக்குன்னு துப்பாக்கி கேக்குற?” என்று அலுவலகங்களில் கேட்பவர்கள் இதைப் படித்ததில்லை போலும்.

இதை விடப் பெரியது 1995ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்பு விதிகள். அதன் 3ஆவது விதி, வன்கொடுமை நடக்கக்கூடிய பகுதிகளில் மாநில அரசு முன்கூட்டிச் செய்ய வேண்டியவற்றைச் சொல்கிறது. பட்டியலினத்தவரோ பழங்குடியினரோ அல்லாதவர்களின் துப்பாக்கி லைசென்ஸ்களை ரத்து செய்து ஆயுதங்களை அரசுக் கிடங்கில் ஒப்படைக்கச் செய்ய வேண்டும். அவர்களுடைய நெருங்கிய உறவினர், வேலையாட்கள், குடும்ப நண்பர்கள் வரை இது பொருந்தும். சட்டவிரோத ஆயுதங்களைப் பறிமுதல் செய்ய வேண்டும். தேவை என்று கருதினால், உயிரையும் உடைமையையும் காக்கப் பட்டியலின, பழங்குடி மக்களுக்குத் துப்பாக்கி லைசென்ஸ் வழங்க வேண்டும். அரசிதழில் வந்த விதி இது, எங்கள் கற்பனை இல்லை. வன்கொடுமை வழக்குகளில் இழப்பீடு கேட்டு எத்தனையோ மனு எழுதியிருக்கிறோம். இந்த விதியைக் காட்டி எழுதிய மனுக்கள் மிகக் குறைவு. குறை நம்மிடமும் இருக்கிறது.

எல்லாக் காலனிக்கும் துப்பாக்கி கேட்கிறீர்களா என்று ஒரு தோழர் சற்றுக் கோபமாகவே கேட்டார். இல்லை. துப்பாக்கி உள்ள வீட்டில் குடிகாரனும் இருப்பான், கோபக்காரனும் இருப்பான், பிள்ளைகளும் இருப்பார்கள். ஒரு காலனியில் ஒரு துப்பாக்கி வெடித்தால் அதைச் சாக்காக வைத்து நூறு வீட்டில் சோதனை நடக்கும். எங்கள் கோரிக்கையில் முதலிடம் விதியின் முதற்பகுதிக்கு, அதாவது ஆதிக்கத் தரப்பின் ஆயுதங்களை அகற்றுவதற்கு. செப்டம்பரும் அக்டோபரும் வந்தால் இந்த மாவட்டம் தடையுத்தரவுக்குள் போகிறது, வாடகை வேனுக்குக் கூடத் தடை. லைசென்ஸ் துப்பாக்கிகள் எத்தனை, எந்த ஊர்களில், யார் கையில் என்ற கணக்கு மட்டும் பொதுவெளிக்கு வருவதில்லை.

பரமக்குடிக்குத் திரும்புவோம். போலீஸாருக்கும் தனிமனிதர் என்ற முறையில் இதே தற்காப்புரிமைதான் உண்டு, கூடுதலாக ஒன்றும் இல்லை. சட்டவிரோதக் கூட்டத்தைக் கலைக்கத் தனி அதிகாரம் இருக்கிறது. அதுவும் உரிய அதிகாரியின் உத்தரவோடு, இயன்ற அளவு குறைந்த பலத்தோடு. 2011இல் ஜான் பாண்டியன் தடுத்து நிறுத்தப்பட்டதை எதிர்த்து ஐந்துமுனைச் சந்திப்பில் மறியல் நடந்தது. கல்வீச்சும் தீவைப்பும் நடந்ததாக அரசு சொன்னது. நீதிபதி சம்பத் ஆணையம் துப்பாக்கிச் சூடு நியாயமே என்று அறிக்கை தந்தது, அது 2013இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. நாங்கள் அதை ஏற்கவில்லை. பிறர் உயிரைக் காக்கச் சுட்டால், அந்தப் பிறர் யார், எந்த நொடியில் யார் கையால் அவருக்கு ஆபத்து, சுடப்பட்டவர்தான் அந்த ஆபத்தைச் செய்தவரா என்ற மூன்றுக்கும் தனித்தனியாக, ஒவ்வொரு உடலுக்கும் பதில் வேண்டும். மானாமதுரைக் காவலாளியிடம் மூன்றுக்கும் பதில் இருந்தது. 2018 மே 22 தூத்துக்குடித் துப்பாக்கிச் சூட்டை விசாரித்த நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் அதைத் தேவையற்றது என்று கண்டு, போலீஸ் அதிகாரிகள் மீது நடவடிக்கைக்குப் பரிந்துரைத்தது. ஆணையங்கள் எல்லாம் ஒரே மாதிரி இல்லை என்பதற்காக இதைச் சொல்கிறோம். போலீஸ் தற்காப்பு என்று சொன்னால் அதை விசாரணையில் நிரூபிக்க வேண்டும், சொன்னதும் வழக்கை மூடக் கூடாது என்று 2009இல் ஆந்திர உயர் நீதிமன்ற முழு அமர்வு சொன்னது. அந்தத் தீர்ப்பு நிறுத்தி வைக்கப்பட்டது. 2014இல் உச்ச நீதிமன்றம் என்கவுன்டர் மரணங்களுக்கு வழிகாட்டு நெறிகளை வகுத்தது.

தங்கச்சிமடத்தில் நின்றுகொண்டு கடலைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. 2017 மார்ச் 6 இரவு இந்த ஊர் மீனவ இளைஞர் ஒருவர், வயது 22, கடலில் சுடப்பட்டு இறந்தார். இலங்கைக் கடற்படை சுட்டது என்று உடன் சென்றவர்கள் சொன்னார்கள், கடற்படை மறுத்தது. இந்த ஊர்ச் சாலையில் நாட்கணக்கில் மக்கள் உட்கார்ந்திருந்தது பலருக்கு நினைவிருக்கும். எங்கள் மீனவர்களையும் எங்கள் கடல் வளத்தையும் காக்கிறோம் என்பது அந்தக் கடற்படையின் வழக்கமான வாதம். இழுவைமடியால் வடக்கு இலங்கைத் தமிழ் மீனவர்கள் படும் பாட்டை நாம் மறைக்க வேண்டியதில்லை, அதுவும் உழைக்கும் மக்களின் வயிற்றுப்பாடுதான். ஆனால் எல்லை தாண்டி மீன் பிடிப்பதற்குத் தண்டனை மரணம் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையின் 73ஆவது உறுப்பு, நாடுகளுக்கிடையே தனி ஒப்பந்தம் இல்லாவிட்டால் மீன்பிடி விதிமீறலுக்குச் சிறைத் தண்டனையே கூடாது என்கிறது. 2012 பிப்ரவரி 15இல் கேரளக் கடலில் ‘என்ரிகா லெக்ஸி’ கப்பலைக் காத்த இத்தாலியப் படைவீரர்கள், கடற்கொள்ளையர் என்று நினைத்தோம் என்று சொல்லி 2 மீனவர்களைச் சுட்டுக் கொன்றார்கள், ஒருவர் நம் குமரி மாவட்டத்துக்காரர். வழக்கு 2021இல் 10 கோடி ரூபாய் இழப்பீட்டோடு முடிந்தது. அந்த அச்சம் நியாயமானதா என்று எந்த நீதிமன்றமும் சாட்சிகளை வைத்து விசாரித்து முடிக்கவில்லை.

களத்தில் உள்ளவர்களுக்கு நடைமுறை விஷயம் கொஞ்சம். நம் தரப்பில் யாரேனும் பிறரைக் காக்கத் திருப்பி அடித்தால், பெரும்பாலும் கம்பாலும் கல்லாலும்தான், உடனே எதிர்வழக்கு வரும். தற்காப்பு என்பதை எடுத்துச் சொல்ல வேண்டிய பொறுப்பு குற்றம் சாட்டப்பட்டவருடையது. ஆனால் அரசுத் தரப்பைப் போல ஐயத்துக்கிடமின்றி நிரூபிக்க வேண்டியதில்லை, அப்படி நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும். அதனால் நம் ஆட்களின் காயங்களை அன்றே அரசு மருத்துவமனை விபத்துப் பதிவேட்டில் ஏற்றுங்கள். யாரைக் காக்க ஓடினார், அப்போது எதிரி கையில் என்ன இருந்தது என்பதை முதல் வாக்குமூலத்திலேயே சொல்லச் செய்யுங்கள். நான் அங்கே இல்லவே இல்லை என்று பயத்தில் சொல்லிவிட்டால் பிறகு தற்காப்பு வாதம் நொண்டியடிக்கும். அதைச் சொல்லாமல் விட்டாலும் சாட்சியத்திலிருந்தே நீதிமன்றம் அதை எடுத்துக்கொள்ளலாம். நீதிபதிக்கு அந்த வேலையை வைக்காமல் இருப்பது நல்லது.

மாணவர்களுக்கு ஒரு வேலை தருகிறோம். தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கு மனு போடுங்கள். ராமநாதபுரம் மாவட்டத்தில் நடப்பில் உள்ள துப்பாக்கி லைசென்ஸ்கள் எத்தனை, அவற்றில் பட்டியலினத்தவர் பெயரில் எத்தனை, 1995 விதிகளின் 3ஆவது விதிப்படி இதுவரை ரத்து செய்யப்பட்டவை எத்தனை, அதே விதிப்படி வழங்கப்பட்டவை எத்தனை, பட்டியலினத்தவர் விண்ணப்பித்து மறுக்கப்பட்டவை எத்தனை, என்ன காரணம் சொல்லி. தாலுகாவாரியாகக் கேளுங்கள். பெயர் கேட்காதீர்கள், தனிநபர் விவரம் என்று திருப்பிவிடுவார்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் மேல்முறையீட்டை எழுத நாங்கள் உதவுகிறோம். பதில் வந்தால் அடுத்த செப்டம்பரில் அந்தத் தாள்களை வைத்துக்கொண்டு பேசுவோம்.